பெட்ரோல் திருடன்

மனிதன் செய்யும் பாவங்களில் மிகச் சுலபமானது எது என்று யாராவது என்னைக் கேட்டால், சந்தேகப்படுவதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதற்குக் காசு செலவில்லை. கையையும் காலையும் அசைக்க வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டே செய்துவிடலாம். அப்படிப்பட்ட ஒரு பாவத்தை நான் ஒரு சித்திரை மாதத்தில் செய்தேன்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவன், அம்மாவின் பிடிவாதத்தால் அங்கேயே ஒரு மாதம் தங்கிவிட்டேன். புறப்படுவதற்கு முதல் நாள் என்னுடைய பழைய ஸ்கூட்டருக்கு டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டு, வாசலில் உள்ள தகரக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டியிருந்தேன். திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டுக் கறை கூட இல்லை. ஒழுகவில்லை, உடையவில்லை. ஆகவே யாரோ எடுத்திருக்க வேண்டும்.

எதிர் வீட்டில் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். அவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. அதற்குப் பெட்ரோல் போடப் பணம் இருப்பதில்லை என்பது தெருவுக்கே தெரியும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட அவன் பதில் சொல்லியிருப்பான். தினமும் காலையில் "வணக்கம் சார்" என்பான். நான் அன்று முதல் காதில் விழாதவன் போல் நடந்தேன். நாலு நாளில் அவனும் நிறுத்திவிட்டான்.

பத்து நாள் கழித்து ஸ்கூட்டர் மெக்கானிக் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெட்ரோலை யாரும் எடுக்கலை சார். வாஷர் வெடிச்சுக் கிடக்கு. தகரக் கொட்டகை, சித்திரை வெயில். அதுவே பறந்து போயிருக்கு."

"என்னப்பா, இவ்வளவா பறக்கும்?"

"கற்பூரத்தைத் திறந்து வைச்சுப் பாருங்க சார்."

அம்மா கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பாள். போட்டால் கற்பூரம் கரையாதாம். மிளகு காவல் காக்கிறதோ இல்லையோ, காவல் தேவைப்படும் பொருள் அது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பறந்து போனது எங்கே போயிற்று? கற்பூரமானால் சுவாமியிடம் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் எங்கே போகும்? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு பெரிய நகரமே என்னைப் போல் தவறான ஆளைச் சந்தேகித்த கதை அகப்பட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கங்களில் மலை. மேலே பல நாட்களில் வெப்பக் காற்று ஒரு மூடி போல் கவிந்துகொள்ளும். மூடி போட்ட பாத்திரத்துக்குள் என்ன புகை எழுந்தாலும் வெளியே போகாது. 1542-ஆம் ஆண்டிலேயே கப்ரில்லோ என்ற மாலுமி அந்தக் கடலோரமாகக் கப்பலில் வந்தபோது, பூர்வகுடிகள் மூட்டிய தீயின் புகை மேலே போகாமல் பரந்து கிடப்பதைப் பார்த்து, 'புகை வளைகுடா' என்று பெயர் வைத்தானாம். கப்பலிலிருந்து ஒருவன் கண்ட உண்மையை நகரத்தில் குடியிருந்தவர்கள் நானூறு வருஷம் கழித்துத்தான் உணர்ந்தார்கள்.

1943 ஜூலை 26-ந் தேதி. இரண்டாவது மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அன்று நகரத்தின் மேல் பழுப்பு நிறமான ஒரு மூட்டம் கவிந்தது. மூன்று தெருவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரித்தது. ஜப்பான்காரன் விஷ வாயு வீசிவிட்டான் என்று பலர் பயந்தார்கள். அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்த குற்றவாளியைத் தேடினார்கள். யுத்தத்துக்காகச் செயற்கை ரப்பர் செய்ய வேண்டியிருந்ததல்லவா? அதற்கு வேண்டிய பியூடடைன் என்ற பொருளைத் தயாரிக்கும் ஆலை ஒன்று நகரத்தின் நடுவிலேயே, அலிசோ தெருவில் இருந்தது. பார்த்தால் புகை, பக்கத்தில் போனால் நாற்றம். இதைவிடப் பொருத்தமான எதிர்வீட்டுப் பையன் எங்கே கிடைப்பான்? ஊரே கூச்சல் போட்டது. ஆலையைக் கொஞ்ச காலம் மூடினார்கள்.

மூட்டம் மட்டும் மூடவில்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

பிறகு செயிண்ட் லூயிஸ் நகரத்தின் நிலக்கரிப் புகையை ஒழித்துப் புகழ் பெற்ற ரேமண்ட் டக்கர் என்ற நிபுணரை அழைத்து வந்தார்கள். 1947-ல் காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கென்று ஜில்லா அளவில் ஓர் இலாகாவே ஏற்பட்டது. இலாகா தொழிற்சாலைகளின் கந்தகப் புகையைப் பிடித்தது; குப்பை மேடுகளில் எரிந்த தீயை அணைத்தது. பிற்பாடு, 1957-ல், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளைக்கூடத் தடை செய்தது. இவை எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனாலும் கண் எரிச்சல் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த புகையை எல்லாம் பிடித்தாயிற்று. பிடிபடாதவன் கண்ணுக்குத் தெரியாதவன்.

*

இந்த இடத்தில் அன்னாசிப் பழம் கதைக்குள் வருகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் பாஸடீனா என்ற ஊரில் 'கால்டெக்' என்ற புகழ்பெற்ற விஞ்ஞானக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற பேராசிரியர் இருந்தார். ஹாலந்து தேசத்துக்காரர், 1900-ல் யூட்ரெக்ட் நகரில் பிறந்தவர். தாவரங்களின் ரசாயனம் அவருடைய துறை. வெங்காயத்தின் நெடி எதனால், பழுத்த அன்னாசியின் மணம் எதனால் என்று ஆராய்வது அவருடைய வேலை. மணம் என்பது காற்றில் மிதந்து வரும் அணுத்துளி. அதைப் பிடிக்க வேண்டுமானால் காற்றை மிகவும் குளிர்ந்த குழாய்க்குள் செலுத்த வேண்டும்; மணம் உறைந்து தங்கிவிடும்.

நகரத்து அதிகாரிகள் அவரிடம் வந்து, "அன்னாசியின் மணத்தைப் பிடிக்கிறீர்களே, எங்கள் காற்றையும் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் ஜன்னலைத் திறந்து, ஆயிரக்கணக்கான கன அடி பாஸடீனாக் காற்றை அதே குழாய்க்குள் இழுத்தார். கடைசியில் சில சொட்டுத் திரவம் தங்கியது. பழுப்பு நிறம், சகிக்க முடியாத நெடி. ஊரே சுவாசித்துக்கொண்டிருந்த காற்றின் சாறு அதுதான்.

அந்தச் சொட்டுகளை ஆராய்ந்தபோது அவருக்கு வந்த அபிப்பிராயம் அதிசயமானது. இந்தப் பொருளை எந்தப் புகைப் போக்கியும் கக்கவில்லை. இது ஆகாயத்திலேயே சமையலாகிறது! பெட்ரோலிய ஆவி ஒரு பண்டம். எரிவதால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடு இன்னொரு பண்டம். இரண்டும் காற்றில் கலக்கின்றன. கலிபோர்னியாவின் புகழ் பெற்ற வெயில் அடுப்பு மூட்டுகிறது. வெந்து இறங்குவது ஓசோன் என்ற வாயுவும் அதன் பரிவாரங்களும். உயர வானத்தில் இருந்தால் ஓசோன் நமக்குக் குடை பிடிக்கும் தர்மவான்; மூக்குக்கு அருகில் வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் பாவி.

சொன்னதோடு அவர் விடவில்லை. கண்ணாடிக் கலத்துக்குள் பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் விட்டு, ஒளி பாய்ச்சி, செயற்கையாக அந்த மூட்டத்தை உண்டாக்கினார். கீரைச் செடிகளை அதில் வைத்தார். வயல்களில் விவசாயிகள் கண்டு கலங்கிய அதே வெள்ளிப் பூச்சு இலைகளில் படர்ந்தது. ரப்பர் துண்டை வளைத்துக் கட்டிக் காற்றில் வைத்தார்; மூட்டம் கடுமையான நாட்களில் அது சில நிமிஷங்களில் வெடிப்பு விட்டது. ஓசோனுக்கு ரப்பரைக் கண்டால் ஆகாது. 1952-ல் இவற்றை எல்லாம் கட்டுரையாக வெளியிட்டார்.

குற்றவாளி யார் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? சுத்திகரிப்பு ஆலைகளின் திறந்த தொட்டிகள், பெட்ரோல் பங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பளபளவென்று நின்ற மோட்டார் வண்டி. ஜப்பான்காரனையும் ரப்பர் ஆலையையும் வைது தீர்த்த ஜனங்கள், திருடன் தங்கள் வண்டியின் டாங்கிக்குள்ளேயே குடியிருக்கிறான் என்று கேட்டதும் திகைத்துப் போனார்கள்.

எண்ணெய்க் கம்பெனிகள் திகைக்கவில்லை, கோபித்துக்கொண்டன. அவர்களுடைய பணத்தில் ஆராய்ச்சி நடத்திய ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஹாகன்-ஸ்மிட் சொல்வது தவறு என்றார்கள். அவர் சபையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவருடைய கல்லூரியிலேயே ஒருவர் சொற்பொழிவு செய்து அவருடைய முடிவைக் குறை கூறினார். வெங்காயத்தையும் அன்னாசியையும் முகர்ந்துகொண்டிருக்க வேண்டியவர்தானே என்று பலர் எண்ணியிருக்கலாம். அவரும் அந்த நிம்மதியான வேலைக்கே திரும்பிவிட எண்ணியிருந்தவர்தான். அந்தச் சொற்பொழிவுதான் அவரைத் திரும்ப விடாமல் செய்தது. மனிதனை நல்ல காரியத்தில் நிலைக்கச் செய்வதில் பாராட்டைவிடக் கோபத்துக்குச் சக்தி அதிகம் போலிருக்கிறது. 1950-களின் நடுவிலேயே மற்ற விஞ்ஞானிகள் அவர் சொன்னதை உறுதி செய்துவிட்டார்கள்.

1968-ல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவர் ஆனார். நியமித்தவர் அப்போது கவர்னராக இருந்த ரொனால்டு ரேகன். 1973-ல் பதவியிலிருந்து நீக்கியவரும் அதே ரேகன்தான். 1977-ல் ஹாகன்-ஸ்மிட் காலமானார். நுரையீரலில் புற்றுநோய்.

*

பழைய மோட்டார் வண்டி ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலிருந்து பெட்ரோலின் ஹைட்ரோகார்பன் வெளியேற மூன்று வாசல்கள் உண்டு. பின்னால் புகைக் குழாய் ஒன்று. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கசியும் வாயு இரண்டாவது. பெட்ரோல் டாங்கியும் கார்புரேட்டரும் மூன்றாவது. கட்டுப்பாடுகள் வருவதற்கு முந்திய காலத்தில் மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு முதல் வாசலிலும், 20 பங்கு இரண்டாவதிலும், 20 பங்கு மூன்றாவதிலும் போயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாவது வாசலுக்கு ஒரு தனிச் சிறப்பு. வண்டி ஓட வேண்டிய அவசியமே இல்லை. நின்றுகொண்டே கெடுதி செய்யும்.

காலையில் வெயில் ஏற ஏற டாங்கி சூடாகிறது; உள்ளே இருக்கும் ஆவி விரிந்து வெளியே மூச்சு விடுகிறது. மாலையில் குளிர்ந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. தினம் ஒரு மூச்சு. ஓட்டி வந்து நிறுத்தியதும் எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கொதித்துப் பறக்கிறது. பங்கில் பெட்ரோல் ஊற்றும்போது, உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டரும் அங்கே குடியிருந்த ஒரு லிட்டர் ஆவியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. குழந்தைகள் மூக்கை உறிஞ்சி ரசிக்கிறார்களே, அந்த வாசனை அதுதான். அதில் பென்ஸீனும் இருக்கிறது. பென்ஸீன் புற்றுநோய் தரும் பொருள். நாம் மாதத்தில் நாலு நிமிஷம் முகர்கிறோம். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளி நாள் முழுதும் முகர்கிறான்.

இந்த மூன்றாவது வாசலை அடைக்கக் கண்டுபிடித்த உபாயம் வேடிக்கையானது: ஒரு டப்பா நிறையக் கரி. டாங்கியிலிருந்து வரும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி எஞ்சின் ஓடும்போது, கரி வழியாகக் காற்றை இழுத்து, பிடிபட்ட ஆவியை எஞ்சினுக்கே அனுப்பி எரித்துவிடலாம். அம்மாவின் கற்பூர டப்பாவுக்கு மிளகு. அமெரிக்காக்காரன் டாங்கிக்குக் கரி. 1970-ம் வருஷத்து மாதிரி வண்டிகளுக்குக் கலிபோர்னியாவிலும், 1971 முதல் அமெரிக்கா முழுவதிலும் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயம் ஆயிற்று.

கட்டாயம் என்றால் சோதனை வேண்டும் அல்லவா? முதலில் வண்டியில் ஆவி வெளிப்படும் என்று தெரிந்த துவாரங்களில் மட்டும் கரிக் குடுவையைப் பொருத்தி எடை பார்த்தார்கள். வண்டிகள் சுலபமாகத் தேறின. அப்புறம் யாருக்கோ நல்ல புத்தி தோன்றியது. காற்றுப் புகாத ஓர் அறை கட்டி, வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, அறைக் காற்றில் எவ்வளவு ஆவி சேர்கிறது என்று அளந்தார்கள். திருடன் தெரிந்த வாசல்களில் மட்டுமா வருவான்? இணைப்புகளில் கசிந்தது, ரப்பர் குழாயில் ஊறியது எல்லாம் அறைக்குள் அகப்பட்டன. 1978 மாதிரி முதல் இந்த அறைச் சோதனையே அமெரிக்கச் சட்டம் ஆயிற்று. ஒரு சோதனைக்கு 6 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 1981 முதல் 2 கிராம். வண்டி செய்பவர்கள் குழாயையும் மூடியையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று. 1998 மாதிரி கார்கள் முதல் இன்னும் பெரிய கரி டப்பா வைத்து, பெட்ரோல் ஊற்றும்போது வெளிவரும் ஆவியையும் வண்டியே பிடித்துக்கொள்ளும்படி படிப்படியாகச் செய்தார்கள்.

*

இத்துடன் சுபம் என்று எழுதியிருக்கலாம். ஆனால் கதையில் இன்னொரு பாத்திரம் நுழைகிறது. அதன் பெயரை நாம் தமிழில் எழுதும் விதத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது: எத்தனால். நமது எரிசாராயம்தான். பெயரில் ஓர் எத்தன் ஒளிந்திருப்பது தற்செயல்; ஆனாலும் பொருத்தம் இல்லாமல் இல்லை.

எரிசாராயத்தில் வண்டி ஓட்டுவது புது யோசனை அல்ல. 1925-லேயே ஹென்றி ஃபோர்டு வருங்கால எரிபொருள் இதுதான் என்று பேசினார். நம் நாட்டில் 1948-லேயே இதற்கென்று ஒரு சட்டம் செய்திருந்தார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை ஏறியதும் உலகம் பூராவுக்கும் அந்த யோசனை திரும்ப வந்தது. பிரேஸில் 1975 நவம்பரில் கரும்பிலிருந்து எரிசாராயம் செய்யும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் சுத்தச் சாராயத்திலேயே ஓடும் கார் அங்கே விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் மக்காச்சோள விவசாயிகளின் மாநிலங்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயம் கலந்த பெட்ரோலுக்கு 'காஸஹால்' என்று பெயர் சூட்டின.

பிரேஸிலின் சாராயக் காருக்கு ஒரு சிறிய வியாதி இருந்தது. குளிர்ந்த காலையில் கிளம்பாது. சாராயம் தனியாக இருக்கும்போது சுலபத்தில் ஆவியாவதில்லை. ஆவியில்லாமல் எஞ்சின் பற்றாது. ஆகையால் கிளப்புவதற்கு மட்டும் ஒரு குட்டி டாங்கியில் பெட்ரோல் வைத்திருந்தார்கள். ஒரு திரவத்தின் ஆவியாகும் வேகத்தை நூறு டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் அது தரும் அழுத்தத்தால் அளக்கிறார்கள். கோடைக்காலப் பெட்ரோலுக்கு அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 7 முதல் 9 பவுண்டு. சுத்த எரிசாராயத்துக்கு இரண்டே சொச்சம்.

அப்படியானால் சாராயத்தைப் பெட்ரோலில் கலந்தால் ஆவியாவது குறைய வேண்டும் என்றுதானே நீங்களும் நானும் கணக்குப் போடுவோம்? காப்பியில் பால் விட்டால் கசப்புக் குறைகிறதே! இங்கே நடப்பது நேர் எதிரிடை. பத்துப் பங்கு சாராயம் சேர்த்தால் அழுத்தம் சுமார் ஒரு பவுண்டு ஏறிவிடுகிறது.

காரணம் இதுதான். சாராய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு வாழ்பவை. பெரிய குடும்பம் கூட்டமாகத் திருவிழாவுக்குப் போவது போல. கை கோத்திருக்கும் வரை ஒருவரும் தப்பி ஓட முடியாது. அந்தக் குடும்பத்தை நாலு பேர், ஐந்து பேராகப் பெட்ரோல் என்ற பெருங்கூட்டத்துக்குள் விட்டுவிட்டால் என்ன ஆகும்? பிடித்த கை விட்டுப் போகும். பெட்ரோல் மூலக்கூறுகளுக்கும் இவற்றுக்கும் ஒட்டுறவு கிடையாது. பிடிப்பார் இல்லாத பிள்ளை வெளியே ஓடுகிறது. கலவையின் ஆவி மொத்தத்தில் அதிகமாகிறது. கொஞ்சமாகச் சேர்க்கும்போதுதான் இந்தச் சேஷ்டை. பத்துப் பங்குக்குள் அழுத்தம் உச்சம் அடைந்து, மேலும் மேலும் சாராயம் சேர்க்கச் சேர்க்க மெதுவாக இறங்குகிறது. பாதிக்குப் பாதி ஆகும்போது ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். சாராயக் கலவையையும் வெறும் பெட்ரோலையும் ஒரே டாங்கியில் மாற்றி மாற்றி ஊற்றினாலும் இதே வம்புதான்.

இன்னொரு குணமும் உண்டு. மண்பானை வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஓட்டை இல்லை, வெடிப்பு இல்லை. ஆனாலும் தண்ணீர் சுவர் வழியே ஊறி வெளியே வருகிறது. ரப்பர்க் குழாய்களும் பிளாஸ்டிக் டாங்கிகளும் பெட்ரோலுக்கு அப்படிப்பட்ட பானைகளே. சாராயம் அந்தச் சுவரை உப்ப வைத்து, தானும் ஊறி, பெட்ரோலையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறது. கரி டப்பாவால் இதைப் பிடிக்க முடியாது. கரிக்கு வரும் வழி வேறு. இது போகும் வழி வேறு.

இதையெல்லாம் அரசாங்கத்தார் கவனிக்கவில்லையா என்றால், கவனித்தார்கள், ஆனால் பேசவில்லை. அமெரிக்கச் சட்டப்படி புதிதாக எதையாவது பெட்ரோலில் கலக்க வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். அந்நாளில் 180 நாளுக்குள் இலாகா பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தமாக இருந்தது. பத்துப் பங்கு சாராயத்துக்கு 1978-ல் மனுப் போட்டார்கள். 180 நாளும் இலாகா வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் அல்ல, சர்க்காருக்கும் உண்டு என்று அந்த டிசம்பரில் தெரிந்தது. அதே வருஷம் சாராயக் கலவைக்கு வரிச் சலுகையும் கிடைத்தது.

நியாயத்துக்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். எத்தனால் முழு எத்தன் அல்ல. எஞ்சின் 'தட்டாமல்' இருப்பதற்காக அந்நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. ஈயத்தை விலக்கிய இடத்தில் கம்பெனிகள் மலிவான பியூட்டேனை அதிகம் கலந்தன. 1980-களில் பெட்ரோல் முன்னைவிட வேகமாக ஆவியாயிற்று. சர்க்கார் 1989-லும் 1992-லும் கோடைக்காலத்துக்கு அழுத்த வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. எம்.டி.பி.இ. என்ற இன்னொரு சரக்கைக் கலந்தார்கள். அது கசிந்து நிலத்தடித் தண்ணீரைக் கெடுத்தது. இவற்றோடு ஒப்பிட்டால் சாராயம் சாது. எஞ்சினுக்கு நல்லது, புகைக் குழாயில் கார்பன் மோனாக்ஸைடைக் குறைக்கும், விவசாயிக்குக் காசு கொடுக்கும். ஆகவே 1990-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியபோது, எல்லாப் பெட்ரோலுக்கும் கோடை வரம்பு உண்டு, பத்துப் பங்கு சாராயக் கலவை மட்டும் ஒரு பவுண்டு அதிகமாக இருக்கலாம் என்று எழுதி வைத்தது. சோளக் கொல்லைக்காரனுக்கு ஒரு பவுண்டு. அந்த ஒரு பவுண்டு எல்லாருடைய மூச்சிலிருந்தும் எடுத்துக் கொடுக்கப்பட்டது.

அதற்காக இன்றளவும் சண்டை ஓயவில்லை. 2019-ல் அந்தச் சலுகையை 15 பங்கு கலவைக்கும் நீட்டினார்கள். 2021-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு அது செல்லாது என்றது. 2022 கோடையில் அவசர உத்தரவு போட்டு அனுமதித்தார்கள். அடுத்த கோடைகளிலும் அப்படியே. கடைசியில் சோளம் விளையும் மாநிலங்களின் கவர்னர்கள் சிலரே, "எங்களுக்கு அந்த ஒரு பவுண்டு வேண்டாம்; எல்லாக் கலவைக்கும் ஒரே வரம்பு வையுங்கள்" என்று கேட்டார்கள். 2025 கோடையில் அந்த மாநிலங்கள் பலவற்றில் சலுகை நீங்கியது.

வழி இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் முக்கியம். வழியைக் காட்டியதும் பழைய புகை வளைகுடாவே. கலிபோர்னியாவில் சாராயம் சேர்த்த பிறகு கலவை எவ்வளவு அழுத்தம் தர வேண்டுமோ, அதை முன்னாலேயே கணக்கிட்டு, அடிப்படைப் பெட்ரோலை அதற்குத் தகுந்தாற்போல் குறைந்த ஆவியுள்ளதாகக் காய்ச்சுகிறார்கள். கம்பெனிக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு. குழாய்களுக்கும் டாங்கிக்கும் ஊறாத உள்பூச்சு. கரி டப்பா கொஞ்சம் பெரிது. மருந்தும் தெரியும், விலையும் தெரியும். விலையை யார் கொடுப்பது என்பதுதான் வழக்கு.

*

நம் நாட்டில் 2003-ல் ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. 2022-ல் பத்துப் பங்கு ஆயிற்று, 2025-ல் இருபது. ஐந்திலும் பத்திலும் உச்சம் தொட்ட அந்த ஆவிச் சேஷ்டை இருபதில் சற்றே இறங்கு முகம் என்பது ஓர் ஆறுதல். புது வண்டிகளில், ஸ்கூட்டர்களில்கூட, கரி டப்பா இருக்கிறது என்பது இன்னோர் ஆறுதல். ஆனால் நம் தெருக்களில் நிற்பவை எல்லாம் புது வண்டிகள் அல்லவே. மைலேஜ் குறைகிறதா, எஞ்சின் கெடுகிறதா என்று வீட்டுக்கு வீடு வாதாடுகிறோம். நிற்கிற வண்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் அபூர்வம். லாஸ் ஏஞ்சல்ஸை விட நமக்கு வெயிலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

கரும்பு போட்டவனுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அதற்காகப் பெட்ரோலில் சாராயம் கலக்கட்டும். கலந்த பின் அது எங்கே போகிறது என்றும் அளந்து பார்க்கட்டும். அளந்து பார்க்காதவரை எல்லாரும் எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மெக்கானிக் புது வாஷர் போட்டுக் கொடுத்தார். விலை மிகச் சொற்பம். அன்று சாயங்காலம் எதிர் வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வழக்கம் போல் பெட்ரோல் இல்லை. நான் வாசலில் நின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தான்.

"தம்பி, வணக்கம்" என்றேன்.

அவன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. "என் வண்டியில் இருக்கிறது, ஒரு லிட்டர் எடுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன்.

"வேண்டாம் சார்" என்றான் மரியாதையாக. வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான்.